மாற்றிய கட்டற்ற மென்பொருளை விற்கும்போது எதையெல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: மாற்றவும் பரப்பவும் அனுமதி தந்து, பரப்பும்போது மூலநிரலையும் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் வந்த ஒரு நிரலை எடுத்துத் தேவைக்கேற்ப மாற்றியாயிற்று. உள்ளே, நிபந்தனை குறைந்த எம்ஐடி, அப்பாச்சி உரிமங்களில் சில லைப்ரரிகளும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) இருக்கின்றன. இதை விற்கலாமா? மாற்றங்களை ஊருக்கெல்லாம் திறந்துவிட வேண்டுமா? வாங்குபவருக்கு எதையெல்லாம் கொடுக்க வேண்டும்?

விற்கலாம், என்ன விலைக்கு வேண்டுமானாலும். ஊருக்கெல்லாம் திறந்துவிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பைனரி (கணினி நேரடியாக ஓட்டும் வடிவம்) யார் கைக்குப் போகிறதோ, அதை மறுபடி உருவாக்கத் தேவையான மூலநிரல் (மனிதர் எழுதிய வடிவம்) முழுவதும் அவருக்குக் கிடைத்தாக வேண்டும். அதை மாற்றவும் பிறருக்குக் கொடுக்கவும் அவருக்குள்ள உரிமையும் கூடவே போக வேண்டும். எம்ஐடி, அப்பாச்சி பகுதிகளுக்குப் பதிப்புரிமை வரிகளையும் உரிம வாசகத்தையும் அப்படியே சேர்க்க வேண்டும். பெரும்பாலான மீறல்கள் கெட்ட எண்ணத்தால் நடப்பவை அல்ல. வெளியீடு முடிந்து பல மாதம் கழித்து யாரோ மூலநிரலைக் கேட்கும்போதுதான் தேட ஆரம்பிக்கிறார்கள். அந்த பில்டுக்குள் (மூலநிரலைக் கம்பைல் செய்து பைனரியாக்கும் வேலை) போன கோப்புகள் எவை என்று அதற்குள் யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே பைனரியை உருவாக்கும் அன்றைக்கே, கையோடு மூலநிரல் பொதியையும் உருவாக்கிவிடுங்கள். கீழே சொல்லும் கடமைகளில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

முதலில் அடிப்படை. ஒரு நிரலை எழுதியவுடனே அதன் பதிப்புரிமை எழுதியவருக்கோ அவரை வேலைக்கு வைத்திருப்பவருக்கோ வந்துவிடுகிறது. அதை நகலெடுக்கவும் மாற்றவும் பரப்பவும் மற்றவர்களுக்கு அனுமதி வேண்டும். அந்த அனுமதிதான் உரிமம். உரிமக் கோப்பே இல்லாத ஒரு ரெப்போ (நிரல் கோப்புகளின் சேமிப்பகம்) கிட்ஹப் தளத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது என்பதற்காக அதை எடுத்து உங்கள் பொருளில் வைத்துவிட முடியாது. அந்தத் தளத்தின் விதிகள் அங்கேயே பார்க்கவும் ஃபோர்க் செய்யவும்தான் (தனி நகல் எடுக்கவும்தான்) மற்றவர்களுக்கு இடம் தருகின்றன. அப்படிப்பட்ட நிரல் வேண்டுமென்றால், ஓர் உரிமக் கோப்பைச் சேர்க்கும்படி எழுதியவரிடம் கேட்க வேண்டும். வேறு வழி இல்லை.

காசு வாங்காமல் கொடுத்தது என்பதால் நிபந்தனை நீர்த்துப்போய்விடாது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில், வலைப் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியை ரூட்டரில் வைத்து ஜிபிஎல் விதிகளைப் பின்பற்றாமல் விற்ற ஒரு நிறுவனத்துக்கு எதிரான தடையாணையை மியூனிக் நீதிமன்றம் 2004-இல் உறுதிசெய்தது. மாடல் ரயில்களை இயக்கும் ஒரு மென்பொருள் பற்றிய வழக்கில், ஆர்ட்டிஸ்டிக் என்ற திறந்த மூல உரிமத்தின் நிபந்தனைகளைப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழேயே நிலைநாட்டலாம் என்று 2008-இல் அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

ஜிபிஎல்லின் கடமைகள் நிரல் கைமாறும்போதுதான் தொடங்குகின்றன. ஓட்டுவதற்கு நிபந்தனை இல்லை. மாற்றி நிறுவனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால் யாருக்கும் எதையும் காட்ட வேண்டாம். வெளியாள் ஒருவரிடம் வேலையைக் கொடுத்து, உங்களுக்காக மட்டும், உங்கள் கட்டுப்பாட்டில் மாற்றித் தரச் சொல்வதை ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பு (ஜிபிஎல் 3) தன் இரண்டாம் பிரிவில் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. ஜிபிஎல் 2-இல் அப்படி ஒரு வாசகம் கிடையாது. ஒரே குழுமத்தைச் சேர்ந்த, ஆனால் தனியாகப் பதிவான இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்புவதைக் கைமாறியதாகவே எடுத்துக்கொண்டு ஏற்பாடு செய்வது பாதுகாப்பு.

கைமாறுகிறது என்று தெரியாமலே கைமாறிவிடும் இடங்களும் உண்டு. வாடிக்கையாளரின் சர்வரில் நிறுவிக் கொடுப்பது, கருவிக்குள் ஃபர்ம்வேராக (கருவியை இயக்கும் உள் மென்பொருளாக) வைப்பது, மொபைல் செயலியாகப் போடுவது எல்லோருக்கும் தெரியும். டாக்கர் இமேஜை (நிரலையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் கட்டிய பொதி) ரெஜிஸ்ட்ரி என்ற பொதுச் சேமிப்பகத்தில் ஏற்றுவது பலருக்கு உறைப்பதில்லை. உங்கள் நிரல் சில எம்பி மட்டும் இருக்கலாம். ஆனால் அடியில் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் அடுக்கு இருந்தால் பாஷ் என்ற கட்டளை நிரலையும், ஆல்பைன் என்ற தொகுப்பின் அடுக்கு இருந்தால் பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டிய பிஸிபாக்ஸ் நிரலையும் பரப்புவது நீங்கள்தான். முதலாவது ஜிபிஎல் 3, இரண்டாவது ஜிபிஎல் 2. உங்கள் சொந்த நிரல் எம்ஐடி என்று ரீட்மீயில் எழுதியிருப்பது இவற்றுக்குப் பொருந்தாது. இமேஜ் கட்டும் நாளில் அந்தப் பொதிகளின் பட்டியலையும் சரியான பதிப்பெண்களையும் எடுத்துவைத்து, அவற்றின் மூலப் பொதிகளையும் இறக்கிச் சேமித்துவிடுங்கள். டிஸ்ட்ரோக்களின் (டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகள்) மிரர்களில், அதாவது நகல் சர்வர்களில், பழைய பதிப்புகள் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

சர்வரில் ஓடும் நிரலைப் பிரவுசர் வழியாகப் பயன்படுத்துபவர் கைக்கு அந்த நிரல் போவதில்லை. ஆகவே சாதாரண ஜிபிஎல்லில் அவருக்கு மூலநிரல் பாத்தியதை இல்லை. அந்த ஓட்டையை அடைப்பது ஏஜிபிஎல் என்ற உறவு உரிமம். அதன் மூன்றாம் பதிப்பு 2007 நவம்பரில் வந்தது. 13ஆம் பிரிவு சொல்வது: நிரலை நீங்கள் மாற்றியிருந்தால், வலைப்பின்னல் வழியாக அதைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் மாற்றிய வடிவின் மூலநிரலைக் கட்டணமின்றி, கண்ணில் படும்படி வழங்க வேண்டும். மாற்றாமல் அப்படியே ஓட்டினால் அந்தப் பிரிவு உங்களைத் தொடாது. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, பக்கத்தின் அடியில் இருக்கும் 'மூலநிரல்' இணைப்பு ஆதித் திட்டத்தின் ரெப்போவுக்கே போய்க்கொண்டிருப்பது. அது இப்போது சர்வரில் ஓடும் கமிட்டுக்கு (பதிவான குறிப்பிட்ட நிரல் நிலைக்கு) போக வேண்டும். நிரலைச் சர்வரில் ஏற்றும் டெப்ளாய் ஸ்கிரிப்ட்டே கமிட் எண்ணை எடுத்து அந்த இணைப்பில் எழுதும்படி செய்துவிட்டால் மறப்பதற்கு வாய்ப்பில்லை. கடவுச்சொல், ஏபிஐ சாவி, பயனர் தரவு எதையும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவை நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால் மூலநிரலை வெளியிடும் நாளில் அகப்பட்டுக்கொள்வீர்கள். முதல் நாளிலிருந்தே தனியான கான்ஃபிக் (அமைப்பு) கோப்புக்குத் தள்ளிவிடுங்கள்.

அடுத்து, எது மூலநிரல்? அதிகம் சறுக்கும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஜிபிஎல் 2-இன் மூன்றாம் பிரிவு கேட்பது, மாற்றங்கள் செய்ய உகந்த வடிவிலுள்ள நிரல்: எல்லா மாட்யூல்களும், இன்டர்ஃபேஸ் வரையறைக் கோப்புகளும், கம்பைல் செய்வதையும் நிறுவுவதையும் நடத்தும் ஸ்கிரிப்ட்களும்.

ஒரு ரூட்டரில் பிஸிபாக்ஸ் 1.36.1 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிஸிபாக்ஸ் தளத்திலிருந்து அதே எண்ணுள்ள பொதியை இறக்கி "இதுதான் மூலநிரல்" என்று கொடுத்தால் போதாது. பிஸிபாக்ஸுக்குள் முன்னூறுக்கும் மேற்பட்ட கட்டளைகள் உண்டு. எது உள்ளே, எது வெளியே என்று தீர்மானிப்பது பில்டுக்கு முன் உருவாகும் '.கான்ஃபிக்' கோப்பு. அது இல்லாமல் அந்தப் பைனரி திரும்ப வராது. புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் சாதாரணக் கோப்புப் பட்டியலில் அது தெரியாது. கிட் என்ற மாற்றப் பதிவுக் கருவி விட்டுவிட வேண்டிய கோப்புகளின் பட்டியலான கிட் இக்னோரிலும் பெரும்பாலும் இருக்கும். ஆகவே பொதியில் விட்டுப்போகும். அடுத்து, சிப் தயாரிப்பாளர் கொடுத்த எஸ்டிகேயில் (நிரல் உருவாக்கத் தொகுப்பு) ஏற்கெனவே சில பேட்ச்கள் (திருத்தங்கள்) போட்டிருப்பார்கள். அவற்றை எழுதியது நீங்கள் இல்லை என்றாலும் பரப்புவது நீங்கள். கொடுக்க வேண்டியதும் நீங்கள். பிறகு, கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றுசேர்த்து ஃபிளாஷில் ஏற்றக்கூடிய இமேஜாகக் கட்டும் ஸ்கிரிப்ட். அது பில்ட் சர்வரில் யாரோ ஒருவருடைய ஹோம் அடைவில் கிடக்கும். ரெப்போவுக்குள் வந்தே இருக்காது.

கம்பைலர் போன்ற எல்லோருக்கும் கிடைக்கும் பொதுக் கருவிகளை மாற்றாமல் பயன்படுத்தியிருந்தால் அவற்றைச் சேர்க்க வேண்டியதில்லை என்று ஜிபிஎல் 3 சொல்கிறது. ஆனாலும் எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் பில்ட் உடைந்து, தேவையில்லாத கடிதப் போக்குவரத்து ஆரம்பிக்கும்.

பொதி முழுமையா என்று கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி: ஒன்றுமே நிறுவாத புதிய விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் பாவனைக் கணினி) அந்தப் பொதியைப் பிரித்து, அதில் உள்ள குறிப்பை மட்டும் படித்து பில்ட் செய்து பார்ப்பது. கருவிகளை நிறுவி முடித்ததும் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள். பில்டின் நடுவே உங்கள் அலுவலக உள்வலையிலிருந்து ஏதாவது ஒரு பொதியை இறக்கும் பழக்கம் இருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும். வெளியில் இருப்பவருக்கு அந்த முகவரி எட்டாது.

ஜிபிஎல் 3 இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொதுமக்கள் வாங்கும் கருவியோடு நிரல் போகிறது என்றால், மாற்றிய நிரலை அதே கருவியில் நிறுவி ஓட்டத் தேவையான தகவலும் போக வேண்டும். கையொப்பமில்லாத நிரலைக் கருவி ஏற்காது என்றால் அந்தச் சாவியோ மாற்று வழியோ அதில் அடங்கும். டீவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவி, மூலநிரலைக் கொடுத்துவிட்டு மாற்றிய நிரலை ஓட விடாமல் தடுத்ததற்கான எதிர்வினை இந்தப் பிரிவு. மாற்றவே முடியாத ரோமில் நிரல் இருந்து, உங்களாலும் புதுப்பிக்க முடியாது என்றால் இந்தக் கடமை இல்லை. இவ்வளவு அக்கறை எதற்கு என்று தோன்றினால் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரைப் பாருங்கள். 2003-இல் அதன் ஜிபிஎல் மூலநிரல் வெளிவந்த பிறகுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற ரூட்டர் மென்பொருள் முளைத்தது. தயாரிப்பாளர்கள் கைவிட்ட எத்தனையோ ரூட்டர்கள் அதனால்தான் இன்னும் பாதுகாப்புத் திருத்தங்களோடு ஓடுகின்றன.

எப்படிக் கொடுப்பது? மூன்று வழிகள். பைனரியோடு கூடவே கொடுத்துவிடலாம். டவுன்லோடாகக் கொடுப்பதென்றால் அதே இடத்தில் மூலநிரலையும் வைக்கலாம். அல்லது "கேட்டால் தருகிறோம்" என்ற எழுத்துபூர்வ உறுதிமொழியைச் சேர்க்கலாம். முதல் இரண்டும் நல்லவை, ஏனென்றால் கொடுத்த அன்றே கடமை தீர்ந்தது. மூன்றாவதை எளிது என்று நினைத்து எடுத்துக்கொள்பவர்கள்தான் பின்னால் சங்கடப்படுகிறார்கள். அது குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாக வேண்டும். ஜிபிஎல் 3-இல் அதோடு, அந்த மாடலுக்கு உதிரிபாகமோ ஆதரவோ கொடுக்கும் காலம் முழுவதும். ஜிபிஎல் 2-இல் உங்களிடம் வாங்கியவர் என்றில்லை, மூன்றாம் நபர் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். அனுப்பும் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. இணையத்தில் மட்டும் பரப்பும் நிரலுக்கு ஜிபிஎல் 3 இந்த வழியைத் தருவதே இல்லை. அது பௌதிகப் பொருளோடு போகும்போது மட்டும். இன்னொருவர் உங்களுக்குத் தந்த உறுதிமொழியை நகலெடுத்து அப்படியே கைமாற்றுவது, வணிக நோக்கமில்லாதவர்களுக்கு மட்டும் உள்ள சலுகை.

அப்படியும் உறுதிமொழிதான் என்றால் வாசகம் இந்த அளவுக்காவது இருக்கட்டும்: "இந்தக் கருவியில் ஜிபிஎல் 2 உரிமத்திலுள்ள மென்பொருள்கள் உள்ளன. அவற்றின் முழு மூலநிரலையும், கருவி கடைசியாக அனுப்பப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை, யார் கேட்டாலும், பிரதி எடுத்து அனுப்பும் செலவுக்கு மிகாத கட்டணத்தில் தருவோம். மாடல் எண்ணையும் ஃபர்ம்வேர் பதிப்பையும் குறிப்பிட்டு எழுதவும்." கீழே முகவரி. மின்னஞ்சல் ஒரு ஊழியரின் பெயரில் இருந்தால் அவர் வேலையை விட்டதும் கேள்விகள் எல்லாம் காற்றில் போகும். பொதுப் பெட்டி ஒன்றை வையுங்கள்.

விலை பற்றி இன்னும் ஒரு விஷயம். பைனரிக்கு எவ்வளவு வாங்கினாலும் சரி. ஆனால் வாங்கியவர் அதைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது, மூலநிரலை வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் அது ஜிபிஎல் 2-இன் ஆறாம் பிரிவுக்கு நேர் எதிர். கூடுதல் கட்டுப்பாடு எதையும் விதிக்கக் கூடாது என்பதே அந்தப் பிரிவு. நிறுவனங்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே ஒப்பந்தப் படிவத்தை அனுப்பும்போது இந்த மோதல் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். ஆதரவு, நிறுவல், பயிற்சி, உத்தரவாதம் இவற்றுக்குக் கட்டணம் வைக்கத் தடையில்லை.

மாற்றியதைச் சொல்லுங்கள். ஜிபிஎல் 2-இல் மாற்றிய ஒவ்வொரு கோப்பிலும், மாற்றினேன் என்ற குறிப்பும் தேதியும் வேண்டும். ஜிபிஎல் 3-இல் மொத்தப் படைப்புக்கும் தேதியோடு ஒரு தெளிவான குறிப்பு போதும். "கிட் வரலாற்றில் எல்லாம் இருக்கிறதே" என்பார்கள். நீங்கள் கொடுக்கும் சுருக்கப் பொதியில் கிட் வரலாறு இருக்காது என்பதை மறந்துவிடுவார்கள். வரலாற்றிலிருந்து ஒரு சேஞ்ச்லாக் கோப்பை உருவாக்கிப் பொதியில் போட்டு, கோப்பின் தலையிலும் ஒரு வரி எழுதுங்கள். பழைய பதிப்புரிமை வரிகளை அழிக்காதீர்கள். உங்களுடையதை அவற்றின் கீழே சேருங்கள். ஒரு கோப்பில் நீங்கள் தொண்ணூறு சதவீதம் மாற்றியிருந்தாலும் மீதிப் பத்து முதலில் எழுதியவருடையதுதான்.

எம்ஐடி, அதைப் போன்ற பிஎஸ்டி உரிமப் பகுதிகளுக்கு வருவோம். இவை மூலநிரலைக் கேட்பதில்லை. பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் எல்லா நகலோடும் போக வேண்டும் என்பது மட்டும்தான். சிறிய கடமை என்பதால்தான் அதிகம் மீறப்படுகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வலைச் செயலி ஒன்றுக்குள் நூற்றுக்கணக்கான சிறு லைப்ரரிகள் இருக்கும். கோப்புகளை ஒன்றுசேர்க்கும் பண்ட்லரும் அளவைச் சுருக்கும் மினிஃபையரும் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக அரைக்கும்போது கமென்ட்கள் (நிரலுக்குள் எழுதும் குறிப்புகள்) போய்விடும். அவற்றோடு உரிம வரிகளும் போகும். அந்தக் கோப்பு ஒவ்வொரு பார்வையாளரின் பிரவுசருக்கும் நகலாகப் போகிறது. ஆச்சரியக்குறியோடு தொடங்கும் கமென்ட்களை மினிஃபையர்கள் பொதுவாக விட்டுவைக்கும். வெப்பேக் என்ற பண்ட்லர் இவற்றைப் பிரித்தெடுத்துத் தனி உரிமக் கோப்பாகப் பக்கத்தில் வைக்கும். அந்தக் கோப்பையும் சேர்த்து சர்வரில் ஏற்ற வேண்டும். 'தேவையில்லாத கோப்பு' என்று டெப்ளாய் ஸ்கிரிப்ட் அதைக் கழித்துவிடுவதுண்டு. பல லைப்ரரிகளில் உரிமம் கமென்ட்டில் இல்லாமல் தனிக் கோப்பில்தான் இருக்கும். ஆகவே சார்புப் பட்டியலிலிருந்தே (உங்கள் நிரல் நம்பியிருக்கும் லைப்ரரிகளின் பட்டியல்) உரிமங்களைத் திரட்டும் கருவி ஒன்றையும் ஓட்ட வேண்டும். ஒரே எம்ஐடி வாசகத்தை ஒருமுறை போட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணக்கு வைக்க முடியாது. ஒவ்வொன்றிலும் பதிப்புரிமை வரி வேறு.

அப்பாச்சி 2.0, 2004 ஜனவரியில் வந்தது. மேற்சொன்னவற்றோடு மாற்றிய கோப்புகளில் குறிப்பும், 'நோட்டிஸ்' என்ற கோப்பு இருந்தால் அதன் பெயர்க்குறிப்புகளும் போக வேண்டும். பேட்டன்ட் உரிமையும் இதில் கிடைக்கிறது. அந்தப் படைப்பு தன் பேட்டன்ட்டை மீறுகிறது என்று வழக்குப் போடுபவர், அதற்காகத் தனக்குக் கிடைத்த பேட்டன்ட் உரிமையை இழப்பார்.

கலப்பது பற்றி. உரிமங்கள் ஒரே திசையில்தான் ஓடும். எம்ஐடி நிரலை ஜிபிஎல் படைப்புக்குள் கொண்டுவரலாம். மொத்தமும் ஜிபிஎல்லாகப் போகும், அந்தப் பகுதியின் எம்ஐடி குறிப்பு அழியாமல் கூடவே இருக்கும். எதிர்த்திசை கிடையாது. அப்பாச்சி 2.0-ஐ ஜிபிஎல் 3-க்குள் கொண்டுவரலாம், 'ஜிபிஎல் 2 மட்டும்' என்றிருக்கும் நிரலோடு சேர்க்க முடியாது. பேட்டன்ட் விதிகள் கூடுதல் கட்டுப்பாடாகிவிடுகின்றன என்பது ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. 'ஜிபிஎல் 2 மட்டும்' நிரலும் ஜிபிஎல் 3 நிரலும்கூட ஒன்று சேராது. 'ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தையது' என்றிருந்தால் மூன்றாம் பதிப்பைத் தேர்ந்துகொண்டு தப்பிக்கலாம். ஆகவே உங்கள் கேள்விக்கான உண்மையான முடிச்சு இந்த இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் எடுத்த ஜிபிஎல் நிரல் 'மட்டும்' வகையா, 'அல்லது பிந்தையது' வகையா? லைசென்ஸ் கோப்பில் இதற்குப் பதில் இருக்காது, ஏனென்றால் இரண்டு வகைக்கும் அதே ஜிபிஎல் 2 வாசகம்தான் அங்கே இருக்கும். ஒவ்வொரு மூலக் கோப்பின் தலைப்பில் பாருங்கள். இப்போது பல திட்டங்கள் எஸ்பிடிஎக்ஸ் என்ற ஒற்றை வரிக் குறியீட்டை எழுதுகின்றன. அதில் 'ஒன்லி' என்றோ 'ஆர் லேட்டர்' என்றோ முடிந்திருக்கும். லினக்ஸ் கெர்னல் 'மட்டும்' வகை. 'மட்டும்' என்று வந்தால் அந்த அப்பாச்சி லைப்ரரிக்கு மாற்று தேட வேண்டும், அல்லது பதிப்புரிமையாளர்களிடம் விதிவிலக்கு கேட்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரி விஷயத்தில் பல ஜிபிஎல் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் அப்படி விதிவிலக்கு வரி எழுதிக்கொண்டிருந்தன. பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் உரிமத்தில் விளம்பரங்களில் பெயர் சொல்ல வேண்டும் என்ற பிரிவு இருந்தது. 2021-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அது அப்பாச்சி 2.0.

எல்லாவற்றையும் கையால் பார்க்க முடியாது. ஸ்கேன்கோடு, ஃபாசாலஜி போன்ற ஸ்கேனர்கள் கோப்பு கோப்பாகப் படித்து உரிமத்தைச் சொல்லும். அவை சந்தேகத்தோடு காட்டும் கோப்புகளை மட்டும் மனிதர் திறந்து பார்த்தால் போதும். சார்பின் சார்பு வரைக்கும் போக வேண்டும். சிக்கல் பெரும்பாலும் மூன்றாம் அடுக்கில்தான் ஒளிந்திருக்கும். 'வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்', 'நல்லதுக்கு மட்டும் பயன்படுத்து' என்ற வரிகள் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். எந்த நோக்கத்துக்கும் ஓட்டலாம் என்ற முதல் சுதந்திரமே அங்கே இல்லை, ஜிபிஎல்லோடும் அது சேராது.

ஜிபிஎல் நிரலோடு உங்கள் சொந்த, மூடிய நிரல் பேசலாமா? கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விளக்கப்படி, பைப், சாக்கெட் (நிரல்களுக்கிடையே தரவு அனுப்பும் வழிகள்), கட்டளை வரி வழியாகப் பேசும் இரண்டு நிரல்கள் சாதாரணமாகத் தனித்தனி. ஒரே நினைவக வெளியில் ஒரே நிரலாக இணைக்கப்பட்டவை ஒரே படைப்பு. இது அவர்களின் விளக்கம், உரிமத்தின் வாசகம் அல்ல. எல்லைக்கோடு மங்கலான இடங்களில் வழக்கறிஞரிடம் கேளுங்கள். இணைக்கத்தான் வேண்டும் என்றால் ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல் உரிமத்திலுள்ள லைப்ரரிகள் அதற்கு வழி தருகின்றன. பயனர் லைப்ரரியை மாற்றி மறுபடி இணைக்க முடிய வேண்டும் என்பதே அதன் சாரம். ஷேர்டு லைப்ரரியாக, அதாவது தனிக் கோப்பாக, வைத்தால் எளிது. ஸ்டாடிக்காக, அதாவது உங்கள் பைனரிக்குள்ளேயே, இணைத்தால் உங்கள் நிரலின் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது (கம்பைல் ஆகி இன்னும் இணைக்கப்படாத துண்டுகள்) கொடுக்க வேண்டும். அப்படி மாற்றியதில் பிழை தேடுவதற்கான ரிவர்ஸ் எஞ்சினியரிங்கை (பைனரியைப் பிரித்து ஆராய்வதை) உங்கள் ஒப்பந்தம் தடுக்கவும் கூடாது. வழக்கமான ஒப்பந்தப் படிவங்களில் அந்தத் தடை இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். 2012-இல் வந்த எம்பிஎல் 2.0 (மொஸில்லாவின் உரிமம்) கோப்பளவில் நின்றுவிடும்: அந்தக் கோப்புகளில் செய்த மாற்றத்தை வெளியிட வேண்டும், பக்கத்துக் கோப்புகளைத் தொடாது.

பெயர் தனி விவகாரம். நிரலை மாற்றும் உரிமை வந்தால் பெயரைப் பயன்படுத்தும் உரிமையும் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். மொஸில்லாவின் வணிகக்குறி விதிகளோடு ஒத்துவராததால் டெபியன், 2006 முதல் 2016 வரை ஃபயர்ஃபாக்ஸை ஐஸ்வீசல் என்ற பெயரில்தான் கொடுத்தது. மாற்றிய பதிப்புக்குப் புதுப் பெயர், புது லோகோ வைப்பதே நிம்மதி. எழுத்துருக்களுக்கான எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமத்திலும், ஆசிரியர் ஒதுக்கிவைத்த பெயர் இருந்தால் மாற்றிய எழுத்துருவுக்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

மீறிவிட்டது தெரியவந்தால் என்ன ஆகும்? ஜிபிஎல் 2-இல் உரிமை தானாகவே முடிந்துவிடும்; திரும்ப வருவதற்கு அதில் வழி எழுதப்படவில்லை. ஜிபிஎல் 3-இல் உண்டு. மீறலை நிறுத்திய பின் 60 நாட்களுக்குள் பதிப்புரிமையாளர் அறிவிப்பு அனுப்பாவிட்டால் உரிமை நிரந்தரமாகத் திரும்பும். அவரிடமிருந்து முதல்முறையாக அறிவிப்பு வந்திருந்தால், 30 நாட்களுக்குள் சரிசெய்தாலும் திரும்பும். 2017-இல் கெர்னல் டெவலப்பர்கள் பலர் சேர்ந்து இதே சலுகையைத் தங்கள் நிரலுக்கும் தருவதாக அறிவித்தார்கள். கடிதம் வந்தால் மௌனமாக இருப்பதுதான் மிக மோசமான பதில். அதே வாரத்தில் பதில் எழுதி, புதிய பிரதிகள் போவதை நிறுத்தி, மூலநிரலைக் கொடுத்து, என்ன செய்தீர்கள் என்று தேதியோடு தெரிவியுங்கள்.

உங்கள் மாற்றங்களை ஆதித் திட்டத்துக்கே அனுப்புவது கட்டாயமில்லை, ஆனாலும் அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். அனுப்பாத பேட்ச் ஒவ்வொன்றையும் அடுத்த பதிப்பு வரும்போது நீங்களே திரும்பத் திரும்பப் பொருத்திக்கொண்டிருக்க வேண்டும். சில திட்டங்கள் கமிட்டின் கடைசியில் கையொப்ப வரி ஒன்றை மட்டும் கேட்கும். சில, பங்களிப்பாளர் ஒப்பந்தம் கேட்கும். அதில், உங்கள் நிரலை வேறு உரிமத்துக்கு மாற்றும் அதிகாரத்தையும் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒரு திட்டம் பின்னால் உரிமத்தை மாற்றினாலும், ஏற்கெனவே வெளிவந்த பதிப்பை யாரும் பறிக்க முடியாது. கணினிக் கட்டமைப்பை அமைக்க உதவும் டெராஃபார்ம் என்ற கருவி 2023-இல் எம்பிஎல்லிலிருந்து விலகியபோது, அதற்கு முந்தைய எம்பிஎல் நிரலிலிருந்துதான் ஓப்பன்டோஃபு பிரிந்து வளர்ந்தது.

கடைசியாக, வெளியீட்டு நாள் வேலை. கிட்டில் அந்த வெளியீட்டுக்கு டேக் (பெயர்க்குறி) போடுங்கள். சப்மாட்யூல்களையும் (உள்ளே சேர்த்த வேறு ரெப்போக்கள்) சேர்த்துப் பொதி எடுங்கள். கிட்டின் ஆர்க்கைவ் கட்டளை சப்மாட்யூல்களை எடுக்காது, கிட்ஹப் தானாகத் தரும் ஜிப் கோப்பிலும் அவை இருக்காது. கான்ஃபிக் கோப்பு, பேட்ச்கள், பில்ட் குறிப்பு, கம்பைலர் பதிப்பு, சேஞ்ச்லாக், எல்லா உரிம வாசகங்கள், நோட்டிஸ் எல்லாம் உள்ளே இருக்கட்டும். முன்பு சொன்ன வெறும் மெஷினில் அந்தப் பொதியிலிருந்தே பில்ட் செய்து, அதில் வரும் பைனரியையே வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். அப்போது இரண்டும் பொருந்துகின்றனவா என்ற கேள்வியே எழாது. பைனரிக்கும் மூலப் பொதிக்கும் ஒரே பதிப்பெண் கொடுத்து, இரண்டின் செக்சம்மையும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) ஒரே கோப்பில் எழுதுங்கள். டவுன்லோடு பக்கத்தில் மூலநிரல் இணைப்பு பைனரி இணைப்புக்கு அடுத்த வரியிலேயே வரட்டும். பழைய பதிப்பின் பைனரியைப் பக்கத்திலிருந்து எடுக்கும்போது அதன் மூலப் பொதியைச் சேர்த்து அழித்துவிடாதீர்கள். உறுதிமொழிக் கடிதம் கொடுத்திருந்தால், கடைசிப் பிரதி போன நாளிலிருந்து மூன்று ஆண்டுகளாவது அது பேக்கப்பில் இருந்தாக வேண்டும்.